நேர்முகத் தேர்வுப் பதற்றமும் ஏஐ துணையும்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

கேட்டவர் சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் ஒரு சகோதரி. சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கியின் பேக் ஆஃபீஸில் பல வருடம் வேலை பார்த்தவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. இப்போது ஒரு காப்புறுதி நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. முதல் சுற்றில் ஆளே கிடையாது. திரையில் கேள்வி வரும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அதில் தேறினால் மூன்று பேர் கொண்ட குழு, ஸூமில். வாயைத் திறந்தாலே குரல் நடுங்குகிறது, தெரிந்ததே மறந்துபோகிறது என்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் இரண்டு வழி சொல்கிறானாம். ஒன்று, சாட்ஜிபிடியோடு பேசிப் பேசிப் பழகுவது. இன்னொன்று, நேர்முகம் நடக்கும்போதே கேள்வியைக் காதில் வாங்கிப் பதிலைத் திரையில் காட்டும் செயலி. இதெல்லாம் பதற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா, கடைசியில் மாட்டிக்கொள்வேனா என்பதுதான் கேள்வி.

நான் இங்கே மனிதவளத் துறையில், மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவன். முதலாவது வழி உதவும், ஆனால் மகன் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. இரண்டாவது, நீங்கள் மறைக்க நினைக்கும் பதற்றத்தையே வேறு உருவத்தில் கொண்டுபோய்க் குழுவின் முன் வைக்கும். இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு நடப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. மனிதர்களுக்கு வேண்டுமென்றே மன அழுத்தம் கொடுத்துப் பார்க்க ஆய்வாளர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? வேலை நேர்முகத்தைத்தான். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1993இல் வெளியிட்ட சோதனை முறை அது. ஆளை ஒரு குழுவின் முன் நிறுத்தி, இந்த வேலைக்குத் தானே பொருத்தமானவர் என்று 5 நிமிடம் பேச வைப்பார்கள். குழுவில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். பேசி முடித்ததும் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலானோருக்கு கார்டிசோல் என்கிற அழுத்த ஹார்மோன் எகிறிவிடும். அதனால்தான் இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் இதே முறை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுபோன்ற 208 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி டிக்கர்சன், கெமனி என்ற இருவர் 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு விஷயம் சேரும்போதுதான் உடம்பு மிக அதிகமாக மிரள்கிறது என்று அதில் தெரிந்தது. யாரோ நம்மை எடைபோடுகிறார்கள் என்பது ஒன்று. நடப்பது நம் கையில் இல்லை என்பது இன்னொன்று. இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் முதல் சுற்று டிரியர் குழுவைவிட ஒரு படி மோசம். அங்கே சிரிக்காத முகமாவது இருந்தது. இங்கே ஒரு கறுப்புப் புள்ளியும், ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் விநாடிகளும், நம் முகமே நம்மைப் பார்ப்பதும்தான். (நம் முகம் தெரியும் அந்தச் சின்னப் பெட்டியை மறைக்க முடிந்தால் மறைத்துவிடுங்கள். முடியாவிட்டால் அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள்.)

சரி, பதற்றம் வந்தால் மதிப்பெண் எங்கே குறைகிறது? நாம் கை நடுங்குவதையும், அடிக்கடி தலைமுடியைக் கோதுவதையும் நினைத்துக் கவலைப்படுகிறோம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபைலர், பவல் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மாதிரி நேர்முகங்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, பதற்றமானவர்கள் நிமிடத்துக்குக் குறைவான சொற்கள் பேசினார்கள். தயங்கித் தயங்கிப் பேசுகிறார், சொல்வதில் உறுதி இல்லை, மனிதரிடம் ஒட்டுதல் இல்லை என்ற எண்ணம் பார்ப்பவர்களுக்கு வந்தது. மதிப்பீட்டை இழுத்துக் கீழே போட்டது அந்த எண்ணம். கை நடுக்கத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை. என் அனுபவமும் இதுதான். நடுங்கும் குரலில் ஒரு நல்ல சம்பவத்தைச் சொன்னவரை நாங்கள் எடுத்திருக்கிறோம். வாசித்ததுபோல் ஒப்பித்தவரை விட்டிருக்கிறோம்.

இப்போது மகன் சொன்ன இரண்டாவது செயலிக்கு வருகிறேன். கணினி குழுவின் குரலைப் பிடித்து எழுத்தாக்குகிறது. அந்த எழுத்து எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து பதில் வரிகளாக வந்து விழுகிறது. எவ்வளவு வேகமாக இருந்தாலும் நடுவில் சில விநாடிகள் ஓடும். அந்த இடைவெளியை நீங்கள் எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும். பிறகு வந்த வரிகளைப் படிக்க வேண்டும், படிப்பதுபோல் தெரியாமலும் இருக்க வேண்டும், குழுவில் ஒருவர் குறுக்கே ஏதாவது கேட்டால் அதையும் காதில் வாங்க வேண்டும். பதற்றத்தில் மூளைக்கு ஏற்கெனவே இடம் குறைவு. அதில் இத்தனையும் போய் உட்காரும். தாமதமாக ஆரம்பிப்பது, ஒரே சுருதியில் பேசுவது, எதிரே இருப்பவரோடு ஒட்டாமல் போவது: பதற்றமானவர் மதிப்பெண் இழக்கும் இடங்களும் இவைதாம். பதற்றத்துக்கு மருந்தென்று வாங்கிய செயலி அதே அறிகுறிகளை உண்டாக்குகிறது. அதற்கு மாதச் சந்தா வேறு.

ஒன்றைக் கண்ணால் பார்த்தேன், சொல்கிறேன். ஸூமில் ஓர் இளைஞர், சரக்கு அனுப்பும் பிரிவில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் கேள்வியையே நிதானமாகத் திருப்பிச் சொன்னார். அப்புறம் "நல்ல கேள்வி" என்றார். கண்கள் இடமிருந்து வலமாகப் போய், சட்டென்று இடது ஓரத்துக்குத் திரும்பின. மூன்று காரணங்கள் வந்தன, மூன்றும் ஒரே நீளம். அடுத்த கேள்விக்கும் மூன்று. நான் கேட்டேன்: "உங்கள் பழைய அலுவலகத்து மென்பொருளில் உங்களுக்கு எரிச்சல் மூட்டியது எது?" அந்த மென்பொருளைத் தினம் தொட்ட யாராக இருந்தாலும், ஐயோ அந்தத் தேடல் பட்டன் என்று உடனே ஆரம்பித்துவிடுவார்கள். இவர் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். காத்திருந்தார். பிறகு, முதலாவதாகப் பயனர் அனுபவம், இரண்டாவதாக ஒருங்கிணைப்பு, மூன்றாவதாக அளவுத்திறன் என்றார். பக்கத்து அறையிலிருந்த சக ஊழியரிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: "ரீடிங் லா." பார்த்துப் படிக்கிறார் என்று அர்த்தம்.

செயலி பயன்படுத்தினார் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை, நிரூபிக்கவும் முயலவில்லை. குறிப்பெடுக்கும் தாளில் அவரைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை, அதனால் எடுக்கவில்லை. மாட்டிக்கொள்வேனா என்று கேட்டீர்களே, பெரும்பாலும் யாரும் கையும் களவுமாகப் பிடிக்க மாட்டார்கள். பதில் வராது, அவ்வளவுதான். எதனால் போயிற்று என்றும் உங்களுக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்களும் உஷாராகிவிட்டன. கூகலில் ஒரு சுற்றையாவது நேரில் வைப்பதாக நம் சுந்தர் பிச்சையே 2025இல் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் சொன்னார். ஏஐ துணை கூடாது என்று நிறுவனம் அழைப்பிலேயே எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அதை மீறுவது நேர்மைப் பிரச்சினை, அதுவும் நீங்கள் விண்ணப்பிக்கும் நிதித் துறையில்.

அதைவிட எனக்குக் கவலை இன்னொன்றில். நாலு பேர் முன் வரும் கூச்ச அச்சத்தைப் பற்றி கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். பயப்படுகிறவர்கள் பாதுகாப்புக்கென்று சில பழக்கங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். கண்ணைப் பார்க்காமல் பேசுவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொல்வது, இப்படி. அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிட்டால், தப்பித்தது அந்தப் பழக்கத்தால்தான் என்று மனம் எழுதிக்கொள்ளும். பயம் அப்படியே இருக்கும். நேரலைச் செயலியும் அந்த வகைதான். வேலை கிடைத்தால் பெருமை செயலிக்குப் போகும், உங்களுக்கு வராது. அப்புறம் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் கூட்டத்தில் திடீரென்று உங்கள் கருத்தைக் கேட்பார், திரை வெறுமையாக இருக்கும்.

ஆகவே மகனின் முதல் யோசனைக்குத் திரும்புவோம். இயந்திரத்தோடு பழகுவது பலன் தரும் என்பதற்கு இன்றைய சாட்பாட்டுகள் வருவதற்கு முன்பே சான்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் 2013இல் ஒரு மென்பொருள் செய்தார்கள். திரையில் ஓர் உருவம் நேர்முகம் நடத்தும். முடிந்ததும் நீங்கள் எப்போது சிரித்தீர்கள், எவ்வளவு வேகமாகப் பேசினீர்கள், எங்கே இழுத்தீர்கள் என்று வரைபடமாகக் காட்டும். 90 மாணவர்களை வைத்துப் பார்த்ததில், அந்த மென்பொருளோடு பழகித் தங்கள் பேச்சைப் பற்றிய குறிப்புகளையும் பார்த்தவர்கள், வெறுமனே அறிவுரைக் காணொளி பார்த்தவர்களைவிட முன்னேறினார்கள். அந்த மென்பொருள் யாருக்கும் பதில் எழுதிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாய் திறந்து பேச வைத்தது, பேசியதைத் திருப்பிக் காட்டியது, அவ்வளவே.

இன்று பெரும்பாலோர் சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ இதற்கு நேர் எதிராகத்தான் பயன்படுத்துகிறார்கள். வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு, மாதிரிப் பதில்களை வாங்கி, படித்துப் படித்து உருப்போடுகிறார்கள். நம் பிள்ளைகள் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பத்தி பத்தியாக மனப்பாடம் செய்துகொண்டு போய், தேர்வாளர் கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டதும் விழிப்பார்களே, அதே கதி. உருப்போட்ட பதிலுக்கு மறந்துபோகும் பயமும் கூடவே வரும். ஏற்கெனவே இருந்த பயத்தோடு இதுவும் ஒன்று.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். வேலை விளம்பரத்தை அதனிடம் கொடுத்துவிட்டு, பதில் எதுவும் எழுதித் தராதே, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள், நான் சொன்னதில் எது மழுப்பலாக இருக்கிறதோ அதையே தோண்டிக் கேள் என்று சொல்லுங்கள். குரல் வசதியைப் போட்டுக்கொண்டு வாயால் பேசுங்கள், தட்டச்சு வேண்டாம். கேள்வி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத நிலையில் பத்துப் பதினைந்து தடவை பேசிவிட்டால், நடப்பது நம் கையில் இல்லை என்ற அந்த உணர்வு தானாகத் தளரும். இந்தப் பயிற்சியின் லாபம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த சாட்பாட்டுகளுக்கு முகத்துதி ஒரு வியாதி. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாடல் எதற்கெடுத்தாலும் பயனரைப் புகழ்கிறது என்று ஒரு புதுப்பிப்பையே திரும்பப் பெற்றது. நீங்கள் உளறினாலும் "அருமையான பதில்" என்றுதான் ஆரம்பிக்கும். அதைக் கேட்டு மகிழ்ந்து போய்க் குழுவின் முன் உட்கார்ந்தால் முதல் சுளித்த புருவத்திலேயே ஆடிப்போய்விடுவீர்கள். புகழாதே, மதிப்பெண் போடாதே, அடுத்த கேள்விக்குப் போ என்று முதலிலேயே கட்டளை கொடுங்கள். மறந்துபோய்த் திரும்பப் புகழ ஆரம்பிக்கும், மறுபடி அதட்டுங்கள்.

மொழி விஷயம் நமக்கென்றே உள்ள சிக்கல். உங்களைப் போன்ற பலர் சம்பவத்தைத் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். பதற்றத்தில் முதலில் நழுவுவது அந்த இரண்டாவது வேலைதான். இங்கே ஏஐ நிஜமாகவே உதவும். முதலில் சம்பவத்தைத் தமிழிலேயே, வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லுங்கள். உதாரணத்துக்கு: மாதக் கடைசி. கணக்குச் சரிபார்ப்பில் தொகை இடிக்கிறது. வெளிநாட்டு அணியில் யாரும் போன் எடுக்கவில்லை. நீங்கள் பழைய பரிவர்த்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு பொது விடுமுறையால் ஒரே பதிவு இரண்டு தேதியில் ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கிறீர்கள். இதை எளிய ஆங்கிலத்தில் சொல்ல உதவு என்று கேட்டால், அது முதல் தடவை என்ன கொடுக்கும் தெரியுமா? "சவாலான சூழலில் பல தரப்பினரோடு ஒருங்கிணைந்து செயல்பட்டுத் தீர்வை உறுதிசெய்தேன்" என்ற பாணியில் ஒரு வாக்கியம். விடுமுறை போய்விட்டது, இரண்டு தேதி போய்விட்டது, போன் எடுக்காத அணியும் போய்விட்டது. என்னைப் போன்றவன் உங்களை நம்புவதற்கு வைத்திருந்த மூன்று பிடிகளும் போயின. அதைத் திருப்பி அனுப்பி, தகவல் எதையும் நீக்காதே, குட்டி வாக்கியங்களாகக் கொடு என்று சொல்லுங்கள். வந்ததில் உங்கள் வாயில் நுழையாத சொல் எதுவோ அதை அடித்துவிடுங்கள். கொஞ்சம் சிங்லிஷ், அதாவது நம்மூர்ப் பேச்சு ஆங்கில வாடை இருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, நாங்களும் அதைத்தான் பேசுகிறோம்.

இப்படி ஐந்தாறு சம்பவங்கள் தயாரானால் போதும். அப்புறம் திரையை மூடிவிட்டு, தாளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல் எழுதிக்கொண்டு, மீதியை நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நெடுநாள் தங்கும் என்பது ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006 ஆய்விலிருந்து நன்றாகத் தெரிந்த விஷயம்.

நீங்கள் வங்கியில் இருந்தவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. சம்பவத்தைச் சொல்லும்போது வாடிக்கையாளர் பெயர், கணக்கு விவரம், தொகை எதையும் சாட்பாட்டிடம் கொடுக்காதீர்கள். வங்கிச் சட்டத்தின் 47ஆவது பிரிவு வாடிக்கையாளர் தகவல் இரகசியத்தைப் பற்றியது என்று உங்களுக்கே பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வேலையை விட்டு வந்தாலும் அந்தக் கவனம் வேண்டும்.

இயந்திரத்தால் ஒன்றை மட்டும் செய்ய முடியாது. அது உங்களை எடைபோடுவதாக உடம்பு நம்பாது, எனவே அந்த முதல் பயத்துக்கு மனிதர்கள்தான் வேண்டும். வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் சோபாவில் உட்கார வைத்து, சிரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, பேசிப் பாருங்கள். முதல் தடவை மூன்று பேரும் சிரித்துவிடுவீர்கள், பரவாயில்லை, இரண்டாம் தடவை வேலை செய்யும். வீட்டு ஆட்கள் முன் கூச்சமாக இருந்தால், ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் நிலையத்தில், தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியின் வேலைவாய்ப்பு உதவி அமைப்பு இ2ஐ இருக்கிறது, அரசாங்க அமைப்பான வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூரின் வேலைவாய்ப்பு ஆலோசகர்களும் இருக்கிறார்கள். மாதிரி நேர்முகம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு அரசாங்கம் 2024இல் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேர்முகச் செயலிச் சந்தாவுக்கு அது செல்லாது.

பதிவு நேர்முகத்தில் ஏஐ என் முகத்தைப் படித்து மதிப்பெண் போடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்தத் துறையில் பெயர் பெற்ற ஹயர்வியூ நிறுவனம் முகபாவத்தை அலசுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. நீங்கள் சொல்லும் சொற்களை எழுத்தாக்கிப் பார்க்கும் வாய்ப்புதான் அதிகம். எனவே முகத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக்காரர் துளைப்பான் போடும் நேரத்தை விட்டுவிடுங்கள், மைக் உள்ள இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். பதிவு அழுத்துவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், அமைதியாக இரு என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட இப்படிச் சொன்னவர்கள் மேடைப்பேச்சில் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சை அடக்குவது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் எழுதிய விதத்தில் தெரிகிறது: உங்கள் பயம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது. ஏன் வேலை போயிற்று? சாட்பாட்டிடம் மற்ற எந்தக் கேள்வியைவிடவும் இதைத்தான் அதிகம் கேட்க வையுங்கள், கரடுமுரடாகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் இரண்டு வாக்கியம் போதும். "எங்கள் பிரிவின் வேலை வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டது. கடைசி மாதங்களில் அங்கிருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒப்படைத்தவர்களில் நானும் ஒருத்தி." உங்கள் விஷயத்தில் எது உண்மையோ அதை இந்த நீளத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதற்குத்தான் பயிற்சி வேண்டும், ஏனென்றால் மௌனம் வந்ததும் விளக்கத் தோன்றும். விளக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு கட்டத்தில் டிக் போடும் கேள்வி, அடுத்ததற்குப் போய்விடுவோம்.